பாஸ்டர், திங்கட்கிழமை ஒருநாள் எங்ககிட்ட விடுங்க

ஸ்தோத்திரம் பாஸ்டர்,

நேர்ல சொன்னா "சரிப்பா, ஜெபிச்சுக்கலாம்"னு முடிச்சிடுவீங்க, அதான் எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நான் ட்ரைபாட மடக்கிட்டு இருந்தப்போ லைவ்ல எத்தனை பேருன்னு கேட்டீங்க, 14 பேருன்னு சொன்னேன், உங்க முகம் வாடிப்போச்சு. அது என் மனச விட்டுப் போகவே மாட்டேங்குது.

2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்போ வேற வழியில்லாம என் போன்ல ஆரம்பிச்ச லைவ் இது. சபைய திறந்த பிறகும் வீட்ல உக்காந்து பாத்த பழக்கம் நிறைய பேருக்குப் போகல, காலைல ஒரு பெரிய சபை, சாயங்காலம் இன்னொருத்தர் மெசேஜ்னு யூடியூப்லயே ஞாயித்துக்கிழமை முடிஞ்சிடுது. வியாசர்பாடியில மாடியில ஷீட்டுக்கு கீழ வேர்வையோட நிக்கிற நீங்க, எல்இடி ஸ்க்ரீன் வச்சிருக்கவங்களோட உங்கள ஒப்பிட்டுப் பாக்காதீங்க பாஸ்டர்.

எங்கப்பா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராத்திரி 11 மணிக்கு பிளாஸ்க்ல கஞ்சியோட வந்தீங்க. என்னை வீட்டுக்குப் போய் தூங்குன்னு அனுப்பிட்டு நீங்க இருந்தீங்க. காலைல வந்து பாத்தா பக்கத்து பெட்ல காசிமேட்டுக்காரர் ஒருத்தர், போட்ல வேலை, கூட ஆளே இல்ல, அவருக்கு பிளாஸ்க் மூடியில கஞ்சிய ஊத்தி ஊதி ஊதி ஆத்திக் குடுத்துட்டு இருந்தீங்க. அவர் நம்ம சபை கூட கிடையாது. இத எந்த லைவ்லயும் பாக்க முடியாது.

ஆனா நீங்க ஒரு ஆளு. வாடகையும் நீங்க, சாவு அடக்கமும் நீங்க, புருஷன் பொண்டாட்டி சண்டையும் நீங்க. போன மாசம் ஒரு பையன் ஞானஸ்நானம் கேட்டு வந்தான், அவங்க அம்மா எஸ்சி சர்டிபிகேட் போயிடும்னு உங்க முன்னாடி அழுதாங்க. 1950 ஜனாதிபதி உத்தரவுல எஸ்சி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும்னு வச்சாங்க, 1956ல சீக்கியருக்கும் 1990ல பௌத்தருக்கும் குடுத்தாங்க, கிறிஸ்தவங்களான நம்மாளுங்களுக்கு இல்ல, இங்க தமிழ்நாட்டுல பிசின்னு, அதாவது பிற்படுத்தப்பட்டவங்கன்னு ஆகிடும். தெருவுல பாக்குற பார்வை மாறல, வாடகைக்கு வீடு கேட்டா கிடைக்கிற பதிலும் மாறல, பேப்பர் மட்டும் மாறிடுது. 2022ல இத ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில கமிஷன் போட்டாங்க, ஆனா அந்த அம்மாவுக்கு அன்னைக்கே ஒரு பதில் வேணும், அத நீங்கதான் சொல்லணும். அன்னைக்கு ராத்திரி பூரா நீங்க தூங்கலன்னு பாஸ்டரம்மா சொன்னாங்க. சிஎஸ்ஐ மாதிரி பெரிய திருச்சபையில இருக்க ஆயருக்காவது மேல ஒரு பிஷப் இருக்கார், கூட நாலு ஆயருங்க இருக்காங்க, உங்களுக்கு யாரு இருக்கா?

யாத்திராகமம் 18ல மாமனார் எத்திரோ வந்து மோசேகிட்ட, ஒருத்தரா செஞ்சா தொய்ஞ்சு போயிடுவீங்க, ஆளுங்கள வச்சுக்கங்கன்னு சொல்றார். நீங்களே எங்களுக்கு பிரசங்கம் பண்ண பகுதி பாஸ்டர் அது. காணிக்கை கணக்க ரெண்டு பேர்கிட்ட குடுங்க. பக்கத்துல இருக்க பாஸ்டருங்க ரெண்டு பேரோட மாசத்துக்கு ஒருக்கா உக்காந்து மனச விட்டுப் பேசுங்க, போட்டின்னு நினைக்காதீங்க. திங்கட்கிழமை போன் பாஸ்டரம்மாகிட்ட இருக்கட்டும், நீங்க பசங்கள கூட்டிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க.

வர்ற திங்கட்கிழமை ஆஸ்பத்திரி விசிட்டுக்கு நானும் கீபோர்டு தம்பியும் போறோம், பேசிட்டோம். யார் யார் எந்த வார்டுல இருக்காங்கன்னு மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. கஞ்சி எங்கம்மா வச்சுக் குடுக்குறேன்னு சொல்லிட்டாங்க.