பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் தொடர் சிகிச்சைச் செலவுக்கு உடனடி நிதி கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
பாதிக்கப்பட்ட பெண்கள், குழந்தைகளுடன் மருத்துவமனைக்குத் துணை செல்லும் களப்பணியாளர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பார்வை: மக்கள் குறைதீர் நாளில் இதே பொருளில் கொடுத்த இரு மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய இரு மனுக்களுக்கும் 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற குறுஞ்செய்தி மட்டுமே வந்தது. எந்தத் துறை என்றுகூட அதில் இல்லை. இழப்பீட்டை முடிவு செய்யும் சட்டப்பணிகள் ஆணைக்குழு, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மருத்துவமனை, காவல் நிலையம் ஆகிய நால்வரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தங்களால் முடியும் என்பதால் மறுபடியும் தங்களிடமே வருகிறோம்.

1. சட்டத்தில் குறையில்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 397-ன்படி அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். தராவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 200-ன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நடப்பில் அந்த 'இலவசம்' கேஷுவாலிட்டியில் முதல் நாளோடு முடிந்துவிடுகிறது.

2. 'எஃப்ஐஆர் நகல் கொண்டு வாருங்கள்' என்று இன்னமும் திருப்பி அனுப்புகிறார்கள். சிகிச்சைக்கு அது நிபந்தனையே அல்ல. காவல்துறைக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை.

3. குடும்பங்களை முறிப்பது அடுத்த ஆறு மாதம். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இரவில் வருபவருக்குச் சில நாளைக்கு மட்டும் கொடுத்து, மீதியை எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் நாள், பிறகு 1-ஆம் மாதம், 6-ஆம் மாதம். எச்ஐவி பரிசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம். கரு தங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள். மனநல ஓபி (புறநோயாளிப் பிரிவு) வேறொரு கிழமை. கிழிசலுக்குத் தையல் போட்ட குழந்தை என்றால் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கும் தனியாக நடக்க வேண்டும்.

மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லை, சரி. போய்வர? பெண்களுக்கான இலவச விடியல் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸோடு சரி. கிழக்கு ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. பாதி வழி புறநகர்ப் பேருந்து, இரண்டு டிக்கெட். வரிசை முடிய மதியம் ஆகிவிடும், தாய்க்கு அன்றைய கூலி போச்சு. இதற்கு மேல், ஸ்டாக் இல்லாத மருந்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்பு தரும் ஊசி) இருந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் போகும். இரண்டாம் தவணை மாத்திரைக்கு வராதவர் பெயருக்கு எதிரே 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதுகிறார்கள். வர மாட்டேன் என்றா இருந்தார்கள், ஐயா? பஸ்ஸுக்குக் காசில்லை. மாத்திரை பாதியில் நின்றால் பாதுகாப்பை நம்ப முடியாது என்பது அதை எழுதுகிற கைக்கும் தெரியும்.

4. செலவைத் திரும்பக் கேட்டால் பில் கேட்கிறார்கள். பஸ் டிக்கெட்டை ஆறு மாதம் யார் பத்திரப்படுத்துவார்கள்? பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் என்பதால், மருந்துக் கடையில் தாய் தன் பெயரைச் சொல்லி பில் வாங்குகிறார். அந்த பில் 'பயனாளி பெயர் பொருந்தவில்லை' என்ற சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. பிறகு எந்தப் பெயரைத்தான் சொல்வது? தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018-ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டம், ஆன செலவோடு இனி ஆகக்கூடிய சிகிச்சைச் செலவையும், மனநல ஆலோசனை உட்பட, கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இனி ஆகப்போகும் செலவுக்கு எந்தக் கடைக்காரர் பில் தருவார்?

5. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு: போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) விதிகள் 2020, விதி 8-ன்படி உணவு, உடை, பயணம் போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால், ஒரு வாரத்தில் பணம் போய்ச் சேர வேண்டும். 'இழப்பீடு வரும்போது சேர்ந்து வரும்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தகப்பனே குற்றம் சாட்டப்பட்டிருக்கும் வழக்கில் அவர் பெயரும் உள்ள பழைய ஜாயின்ட் கணக்கில் பணத்தைப் போடவே கூடாது.

6. கருக்கலைப்புக்கு 24 வாரம் வரை சட்டம் இடம் தருகிறது. 20 வாரத்தைத் தாண்டினால் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். ஸ்கேனை வெளியே எடுத்துவரச் சொல்லி அனுப்புவதால் அந்த வாரங்கள்தான் கரைகின்றன.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மருத்துவமனையை விட்டு வீடு திரும்புவதற்கு முன்பே, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் வழியாகப் பயணத்துக்கும் வெளி மருந்துக்கும் முன்பணம், கையில். பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண். பஸ் டிக்கெட்டுக்குப் பதில் ஓபி சீட்டின் தேதி. 28 நாள் மாத்திரையும் முதல் வருகையிலேயே முழுதாக. தடுப்பூசி, பரிசோதனை, மனநல ஆலோசனை மூன்றையும் முடிந்தவரை ஒரே நாளில். மேலே சொன்ன நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 396-ன்படி இலவச மருத்துவ உதவிக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உத்தரவிட, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி தரும் சான்று போதும். அந்தச் சான்று அன்றே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக ஓர் உத்தரவு.

இந்த மனுவையும் 'உரிய துறைக்கு' அனுப்பிவிட வேண்டாம், ஐயா. நால்வரையும் தாங்களே ஒரு நாள் அழைத்துப் பேசுங்கள். முன்பணம் முதல் நாளே கைக்கு வர ஆவன செய்யுமாறு மறுபடியும் பணிந்து கேட்கிறோம்.

இப்படிக்கு,
களப்பணியாளர்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டுகள், பெயர் மறைக்கப்பட்ட ஓபி சீட்டுகள், திருப்பி அனுப்பப்பட்ட பில்கள்