வியட்நாம் போரில் நம் பக்கத்து வரலாற்றையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்றைய தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்த ஏப்ரல் 30ஆம் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1975இல் அமெரிக்கா அங்கிருந்து வெளியேறிய விதத்தைக் கட்டுரையாளர் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆயினும் அமெரிக்கர் சொல்லும் கதையாகவே அது முடிந்துவிட்டது என்பது என் வருத்தம். வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்கள் இருப்பதைக் குறிப்பிட்டவர், பொதுமக்கள் மட்டுமே ஏறத்தாழ 20 லட்சம் பேர் மாண்டதாக வியட்நாம் அரசு 1995இல் அறிவித்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். கி.பி. 40இல் சீன ஆட்சியை எதிர்த்தெழுந்த டிரங் சகோதரிகள், 1288இல் பாக் டாங் ஆற்றில் மங்கோலியக் கப்பற்படையின் தோல்வி, 1954இல் பிரெஞ்சுப் படை சரணடைந்த தியன் பியன் பூ ஆகியவற்றின் தொடர்ச்சியாகவே வியட்நாமியர் அப்போரை நினைக்கிறார்கள்.

அண்டை நாட்டார் பார்வை வேறு. 1979 பிப்ரவரியில் எல்லை தாண்டிப் படையெடுத்த சீனா, அதைத் தற்காப்புக்காக எடுத்த நடவடிக்கை என்றே இன்றும் சொல்கிறது. அதே ஆண்டு ஜனவரியில் போல் பாட்டின் கொடுங்கோல் ஆட்சியை வீழ்த்திய வியட்நாமியப் படையைக் கம்போடியாவில் மீட்பர் என்போரும் உண்டு, 1989 வரை நாட்டை விட்டு அகலாத ஆக்கிரமிப்பாளர் என்போரும் உண்டு. அந்நியரை எதிர்த்தே வளர்ந்த நாடு பிறர் மண்ணில் அந்நியராக நின்றதையும் எழுதினால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது நம்மைப் பற்றியது. 1945 செப்டம்பர் 2ஆம் நாள் வியட்நாம் விடுதலை இயக்கத் தலைவர் ஹோ சி மின் ஹனோயில் விடுதலையை அறிவித்த சில நாட்களிலேயே, ஜப்பானியரின் ஆயுதங்களைக் களைவதற்கென்று தளபதி கிரேசியின் தலைமையில் சைகோனில் வந்து இறங்கியது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 20ஆம் டிவிஷன். பிரெஞ்சுக்காரர் மீண்டும் ஆட்சியில் அமர்வதற்கு அந்தப் படையே துணை நின்றது. தாமே அடிமை நாட்டினராக இருந்த நம் வீரர்கள், விடுதலை கேட்ட இன்னொரு மக்களை நோக்கித் துப்பாக்கி தூக்க வைக்கப்பட்டதை நேரு அப்போதே வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்கும் முன்பே சைகோனில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார்களும், பிரெஞ்சு அலுவலகங்களில் பணியாற்றிய புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் இருக்கிறது. நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கிய ஒரு வியட்நாமிய உழவரின் கண்ணுக்கு அத்தமிழர் எப்படித் தெரிந்திருப்பார் என்பதை நாம் கூச்சமின்றிக் கேட்டாக வேண்டும். வியட்நாமைத் தற்காலிகமாக வடக்கு, தெற்கு என்று பிரித்த 1954 ஜெனிவா உடன்பாட்டுக்குப் பின் அமைந்த சர்வதேசக் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தலைமை வகித்ததும் இந்தியாதான். இரு பகுதிகளையும் ஒன்றிணைக்க 1956இல் நடக்க வேண்டிய தேர்தல் நடக்காமலே போனதை அந்த ஆணையத்தால் தடுக்க முடியவில்லை.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் நடுகற்களில், வாளும் வில்லும் ஏந்தி நிற்கும் வீரன் அடுத்த ஊர் ஆநிரையைக் கவரச் சென்று பட்டவனாகவும் இருப்பான், தன் ஊர் ஆநிரையை மீட்கச் சென்று பட்டவனாகவும் இருப்பான். இரு தரப்பு வீரருக்கும் கல்லெடுத்த மண்ணில் வாழும் எங்களுக்கு, ஒரு போரை ஒரு தரப்பின் வாயால் மட்டும் கேட்பது போதவில்லை.

ஆகவே, சைகோனிலிருந்து திரும்பிய புதுச்சேரி, காரைக்கால், செட்டிநாட்டுக் குடும்பங்களில் அக்காலத்து நினைவுகளையும் கடிதங்களையும் வைத்திருப்போரைத் தங்கள் செய்தியாளர்கள் தேடிச் சென்று பேட்டி காண வேண்டும். 20ஆம் டிவிஷனின் சைகோன் நாட்களைப் பற்றியும் ஒரு தனிக் கட்டுரை வெளியிட வேண்டும். அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே என்பதால், இப்பணியை அடுத்த ஏப்ரல் வரை தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.