ஏர் பில்டர் பெட்டியை மட்டும் கழற்ற விடாதே

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய். வாட்ஸ்அப்பில் ஒரு சிவப்புக் கூம்பு ஏர் பில்டரின் படத்தை அனுப்பி, "மாட்டலாமாப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்பாய். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த அக்சசரீஸ் கடைக்காரர் நாலு குதிரைத்திறன் கூடும் என்று சொன்னாராமே. உன் வண்டி 2018 ராயல் என்பீல்டு கிளாசிக் 350. கம்பெனி சொல்கிற பவரே 19.8 பிஎச்பிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஏர் பில்டருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தால், ஒரகடம் பேக்டரியில் இருக்கிற இன்ஜினியர்கள் அதைக் கண்டுபிடிக்காமலா விட்டிருப்பார்கள்? சத்தம் கூடும், அது நிஜம். சீட்டுக்குக் கீழே காற்று இழுக்கிற 'ஹோ' என்ற சத்தம் காதில் விழுந்ததும் வண்டி பறப்பது போலத் தோன்றும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பில்டர் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். உன் இன்ஜின் 346 சிசி. நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை காற்றை இழுக்கும். 4,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 690 லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில், சிமென்ட் லாரிக்குப் பின்னால் நீ ஓட்டுகிறபோது இழுக்கிற காற்றும் இதில் சேர்த்திதான். ரோட்டுப் புழுதியில் இருக்கிற மணல் துகள், போர் என்று நாங்கள் சொல்கிற, பிஸ்டன் ஓடுகிற உருளையின் இரும்பைவிடக் கடினமானது. பிக்கப் வேண்டும் என்று பில்டரையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டின ஒரு வண்டி நம் கடைக்கு வந்தது. ஹெட்டைக் கழற்றி போருக்குள் விரலை விட்டேன். மேலிருந்து கீழாகக் கீறல், நகம் சிக்கிக்கொண்டு நின்றது. ரிங் தேய்ந்து, ஆயில் எரிந்து, சைலன்சர் வாயில் நீலப் புகை. போரைக் கடைந்து, பிஸ்டன் செட் மாற்றி அனுப்பினோம்.

சரி, பில்டருக்கு வருவோம். கம்பெனி போட்டிருப்பது பேப்பர். தூசியைப் பிடிப்பதில் அதற்கு மிஞ்சியது கிடையாது, ஆனால் கழுவ முடியாது. இன்னொன்று, எண்ணெயில் ஊறின பஞ்சுத் துணியை வலைக்குள் வைத்து மடித்தது. கே அண்ட் என் கம்பெனியால் பிரபலமானது. கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்ற ஊரில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்று இரண்டு பேர் 1969-இல் ஆரம்பித்த கம்பெனி; அவர்கள் பெயரின் முதல் எழுத்துகள்தான் அந்த கே, அந்த என். அந்த பில்டர் நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். கழுவி எண்ணெய் போட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஆனால் அதிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உன் வண்டியின் பில்டர் பெட்டிக்குள், பழைய பேப்பர் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். இன்னொன்று நீ அனுப்பின கூம்பு. பெட்டியையே தூக்கிவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரின் வாயில் கிளாம்ப் போட்டு இறுக்குவது. முதலாவது என்றால் தாராளமாக மாட்டிக்கொள். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி என்றால் வெறும் டப்பா என்று நினைத்துவிடாதே. குடத்தின் வாயில் ஊதினால் குடத்தின் அளவுக்கு ஏற்ற மாதிரி சத்தம் வருகிறதல்லவா, அதே மாதிரி இந்தப் பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் சேர்ந்து காற்றின் அலையை இன்ஜினுக்குத் தோதாக அமைத்து வைத்திருக்கின்றன. உன் வண்டியின் முழு இழுவை 28 நியூட்டன் மீட்டர், அது 4,000 ஆர்பிஎம்மில் வந்துவிடும். பெட்டியை எடுத்தால் முதலில் அடிவாங்குவது கீழ் ஆர்பிஎம் இழுவைதான். நீ ஆபீஸுக்குப் போகிற டிராபிக்கில் உனக்கு வேண்டியதே அதுதான்.

இன்னொன்று, உன் வண்டியில் இருப்பது சி.வி. கார்புரேட்டர். ஆக்சிலேட்டர் ஒயர், காற்று போகிற வழியைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடை நேராகத் தூக்காது. மேலே ஒரு மெல்லிய ரப்பர் டயாப்ரம். அதற்கு மேலும் கீழும் இருக்கிற அழுத்த வித்தியாசம்தான் ஸ்லைடைத் தூக்கும். டயாப்ரத்தின் கீழ்ப்பக்கத்துக்குக் காற்று போகிற ஓட்டை கார்புரேட்டர் வாய் விளிம்பிலேயே இருக்கும். பெட்டிக்குள் காற்று அமைதியாக இருப்பதால் டயாப்ரம் ஒழுங்காக வேலை செய்கிறது. கூம்பை மாட்டினால் எதிர்க்காற்றும் பக்கத்துக் காற்றும் நேராக மோதும். சில கூம்புகளின் ரப்பர் உதடு அந்த ஓட்டையையே மூடிவிடும். அப்புறம் வண்டி 60-இல் ஒரு திணறு, 70-இல் ஒரு திணறு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிக் கழுவுவார்கள், ஒன்றும் தெரியாது.

காற்று தாராளமாக வந்தால் பெட்ரோலும் அதற்குத் தகுந்த மாதிரி வர வேண்டும். சாதாரண பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எரிபொருள் வேண்டும். 2020-க்கு அப்புறம் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சென்சார் பார்த்து ஓரளவு சரி பண்ணிக்கொள்ளும். உன் கார்புரேட்டருக்குக் கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது; பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டின் ஓட்டை என்ன சைஸோ அவ்வளவுதான். ஆக உன் வண்டி ஏற்கெனவே கொஞ்சம் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் கூம்பையும் மாட்டினால் இன்ஜின் கொதிக்கும், ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். அந்த வெடியைக் கேட்டு ரேஸ் வண்டி ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிற பையன்களும் இருக்கிறார்கள்.

பெட்டிக்குள் மாட்டுகிற பில்டரோடு நிறுத்திக்கொண்டால் ஜெட்டை மாற்ற வேண்டி வருவது அபூர்வம். மாட்டி ஒரு வாரம் ஓட்டின பிறகு பிளக்கைக் கழற்றி எனக்கு ஒரு படம் அனுப்பு. நுனி பழுப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். இன்னொரு வழியும் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஓடுகிறபோது சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பார். வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம். அப்போது மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினால் போதும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாட்டுவதை நீயே பண்ணு, பெரிய வேலையில்லை. பழையதை எடுத்ததும் கார்புரேட்டர் பக்கம் போகிற வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, ஈரத்துணியால் பெட்டியின் உட்பக்கத்தைத் துடை. மூடுகிறபோது அடைத்த துணியை எடுக்க மறந்துவிடாதே. சிரிக்காதே, அப்படியே மூடிவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பரை மடக்கிப் பார், வெடிப்பு இருக்கலாம். பெட்டிக்கு அடியில் தொங்குகிற சின்னக் குழாயின் நுனியைத் திறந்து, தேங்கின ஆயிலையும் தண்ணீரையும் வடித்துவிடு. பில்டர் உட்காரும் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவு. 500 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி திறந்து, பில்டருக்கு அந்தப் பக்கம், சுத்தமான காற்று போகிற வழியில் விரலை விட்டுத் தேய். விரலில் புழுதி ஒட்டினால் பில்டர் சரியாக உட்காரவில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ஓரத்தில் சந்து இருந்தால் வீண்தான்.

கழுவுகிற நேரம் வரும்போது, உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடு. வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்துப் பிரஷர் அடிக்காதே, துணி பிரிந்துவிடும். நிழலில் காய வை. எண்ணெயைச் சொட்டச் சொட்ட ஊற்றாதே, மடிப்புக்கு ஒரு கோடு, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பெங்களூரு புழுதிக்குப் பேப்பரே போதும். சில நூறு ரூபாய்தான், அழுக்கானதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டு. மிச்சப் பணத்தில் முதலில் பின் டயரை மாற்று. போன தடவை ஊருக்கு வந்தபோது பார்த்தேன், நடுப்பட்டை வழுக்கையாகிவிட்டது. மழையில் பிரேக் பிடித்தால் நிற்காது. டயரைப் போட்டுவிட்டு பில்லைப் படம் எடுத்து அனுப்பு, பாதிப் பணம் ஜீபேயில் போட்டுவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
அப்பா