சும்மா யார் இடம் கொடுப்பார்கள்?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, சின்னவள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. டிசம்பரில் நாலே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

ஓவியர்களைச் சில வாரம் தங்க வைத்து வரைய விடும் 'ரெசிடென்சி'களைப் பற்றிப் போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. "தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, வரைவதற்குத் தனி வீடு, எல்லாம் இலவசம் என்கிறாய். சும்மா யாரம்மா கொடுப்பார்கள்? அவர்களுக்கு இதில் என்ன லாபம்?" என்றீர்கள். நியாயமான கேள்வி. சின்னவளும் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்திருப்பதால் உங்களுக்குக் கவலை கூடியிருக்கும். கணக்குப் பார்த்தே பழகியவர் நீங்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இருக்கும் பாஸ்டனிலிருந்து வடக்கே, பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷரில் பீட்டர்பரோ என்று ஒரு சிற்றூர். 1896-இல் அங்கே மரியன் மெக்டவல் என்ற பெண்மணி ஒரு பண்ணையை வாங்கினார். அவருடைய கணவர் எட்வர்ட் இசையமைப்பாளர். காட்டுக்குள் ஒரு சின்ன மரக்குடிலில் தனியாக உட்கார்ந்தால் அவருக்கு வேலை நன்றாக ஓடியது. அப்புறம் அவர் நோயில் விழுந்தார். தனக்குக் கிடைத்த அந்தத் தனிமை மற்ற கலைஞர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1907-இல் அதைத் தொடங்கினார்கள், இன்று அந்த இடத்தின் பெயரும் மெக்டவல்தான். மறு வருடமே அவர் இறந்துவிட்டார். மரியன் அந்த இடத்தை விற்கவில்லை. ஊர் ஊராகப் போய் பியானோ வாசித்தார், மாதர் சங்கங்களில் பேசினார், கிடைத்த பணத்தையெல்லாம் கொண்டுவந்து காட்டில் ஒவ்வொரு குடிலாகக் கட்டினார். பல பத்தாண்டுகள் இப்படியே ஓடியிருக்கிறது. இன்று அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன.

பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு கோடை நாளில் ஒரு தோழியின் காரில் போய் நானும் பார்த்தேன். ஒவ்வொரு குடிலிலும் மரப்பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். தங்கிப் போனவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பழைய பலகைகளில் மை மங்கிப் போயிருக்கிறது. மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து, கதவைத் தட்டாமல் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். அழைக்காமல் யாரும் யாருடைய குடிலுக்கும் போகக்கூடாது. எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடையைவிட இந்த விதிதான் பெரிதாகத் தெரிந்தது. "என்ன பண்றே?" என்று யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பகல் முழுசாகக் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்.

நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸில் உள்ள யாடோ என்ற ரெசிடென்சியின் கதை இன்னும் கனமானது. ஸ்பென்சர் டிராஸ்க் பெரிய நிதி முதலீட்டாளர். அவருக்கும் மனைவி கத்ரீனாவுக்கும் பிறந்த நான்கு பிள்ளைகளும் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். வாரிசு இல்லாத அந்த மாளிகையையும் தோட்டத்தையும் கலைஞர்களுக்கென்று 1900-இலேயே எழுதி வைத்தார்கள். 1909-இன் கடைசி நாளில் ஸ்பென்சர் ரயில் விபத்தில் இறந்தார், 1922-இல் கத்ரீனாவும் போய்விட்டார். முதல் விருந்தினர்கள் வந்து சேர்ந்தது 1926-இல்.

ஆக, இதில் லாபம் பார்க்கும் ஆள் இல்லை அப்பா. உயில், அறக்கட்டளை, வரிவிலக்கு பெற்ற நன்கொடை, முன்னால் தங்கிப் போனவர்கள் பின்னால் அனுப்பும் பணம், இவற்றில்தான் ஓடுகிறது. வந்தவரிடம் பதிலுக்கு ஒரு படமோ ஒரு பேச்சோ கேட்கும் இடங்களும் உண்டு. தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஓவியர்களைத் தங்க வைக்கிறார்கள், அதற்கு ஒரு பழைய நன்றிக்கடனும் இருக்கிறது. 1871-இல் தாமஸ் மோரன் என்ற ஓவியர் ஆய்வுக் குழுவோடு யெல்லோஸ்டோன் போய் நீர்வண்ணத்தில் வரைந்து வந்தார். அதுவரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அந்தப் படங்களைக் காட்டினார்கள். மறு வருடமே அது தேசியப் பூங்காவானது.

எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ரெசிடென்சி என்று பெயர் வைத்துக்கொண்டு ஓவியர்களிடமே வாடகை வாங்கும் இடங்களும் நிறைய. அதிலும் இரண்டு விதம். வெர்மான்ட் மாநிலத்தில் ஜான்சன் என்ற ஊரில் 1984 முதல் நடக்கும் வெர்மான்ட் ஸ்டூடியோ சென்டர் போல, கட்டணமும் வைத்து, தகுதியுள்ளவர்களுக்கு உதவித்தொகையும் தருபவை ஒரு வகை. அவற்றில் தவறில்லை. இன்னொரு வகை, காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகைக்காரர் தேடுவது. விண்ணப்பித்த மறுநாளே "வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள், முன்பணம் அனுப்புங்கள்" என்று பதில் வந்தால் அங்கே தேர்வே நடக்கவில்லை என்று அர்த்தம். சின்னவளுக்கு அப்படி ஏதாவது வந்தால் உற்சாகத்தில் பணம் அனுப்பிவிட வேண்டாம். அங்கே முன்பு தங்கிய இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, "வரையும் அறை எப்படி இருந்தது, வெளிச்சம் உண்டா, சொன்னதெல்லாம் கொடுத்தார்களா?" என்று எழுதிக் கேட்கட்டும். ஓவியர்கள் இந்த விஷயத்தில் மறைக்க மாட்டார்கள். புலம்பக் காத்திருப்பார்கள்!

தேடுவதற்கு அவள் ஒவ்வொரு பெயராகக் கூகுளில் அலைய வேண்டாம். அமெரிக்காவுக்கு ஆர்ட்டிஸ்ட் கம்யூனிட்டீஸ் அலையன்ஸ், உலகம் முழுவதற்கும் 1993-இல் தொடங்கிய ரெஸ் ஆர்ட்டிஸ், நெதர்லாந்தில் இருந்து நடக்கும் ட்ரான்ஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ், இந்த மூன்றின் பட்டியல்களைப் பார்த்தால் போதும். ஆனால் பட்டியலில் போட்டிருக்கும் கடைசித் தேதியை நம்பாமல் அந்தந்த இடத்தின் சொந்தப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்கே கோடைக்காலம் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ராத்திரி எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். பள்ளி, கல்லூரி எல்லாம் மூடியிருக்கும். ஓவியர்களில் பாதிப் பேர் எங்காவது வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் என்பதால் எல்லோரும் அந்த மூன்று மாதத்துக்குத்தான் முட்டி மோதுகிறார்கள். அந்தக் கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய செப்டம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போட்டுவிட வேண்டும். மெக்டவலில் வசந்தம், கோடை இரண்டுக்கும் சேர்த்து செப்டம்பர் 10 கடைசி நாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, "ஜூலையில் என்ன வரையப் போகிறாய்?" என்ற கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதுதான் இங்கே என் குளிர்காலம். நவம்பரிலோ பிப்ரவரியிலோ போகத் தயாராக இருப்பவர்களுக்குப் போட்டி குறைவு. சின்னவளுக்குக் கல்லூரி முடிந்துவிட்டது, அவளால் முடியும். பனிக்குப் பயப்படாமல் இருந்தால் சரி.

எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம் விடுமுறை கிடைத்தாலே பெரிய விஷயம். மேய்ன் மாநிலத்தில் ஸ்கௌஹீகன் என்று 1946-இலிருந்து நடக்கும் ஒரு கோடைக்கால ஓவியப் பள்ளி இருக்கிறது. சுமார் 65 பேரை எடுக்கிறார்கள், எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் ஒன்பது வாரமும் முழுசாக இருக்க வேண்டும். எந்த மேலாளர் விடுவார்? அதனால் இரண்டு வாரத்துக்கும் இடம் தரும் ஊர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறேன். விசா வேறு இருக்கிறது. என்னுடைய வேலை விசாவில், சம்பளம் தரும் நிறுவனத்தைத் தவிர வேறு யாரிடமும் வேலைக்குக் கூலி வாங்கக்கூடாது. கையில் பணம் தரும் ரெசிடென்சி என்றால், அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரும் என்று வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது. தங்குமிடமும் சாப்பாடும் மட்டும் தரும் இடங்களே இப்போதைக்கு எனக்கு நிம்மதி. சின்னவளுக்கு வேறு மாதிரி. தேர்வானால் பெரும்பாலும் அழைப்புக் கடிதம் கொடுப்பார்கள், எந்த விசா என்று சொல்வார்கள், ஆனால் விசா எடுப்பது அவள் பொறுப்புதான். அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானக் கட்டணத்துக்குத் தனியாக உதவி உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், கேட்டவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். விண்ணப்பக் கட்டணமும் அப்படித்தான். பல இடங்களில் 25-லிருந்து 50 டாலருக்குள் இருக்கும். தள்ளுபடி கேட்டால் தருகிற இடங்கள் உண்டு.

இனி இதைச் சின்னவளிடம் கொடுத்துவிடுங்கள், இது அவளுக்கு.

அடியே, நீ போனில் முக்கால்வாசி நேரம் பேசியது, உன் வேலையைப் பற்றி நீயே எழுதித் தர வேண்டிய கலைஞர் அறிக்கையை எப்படி எழுதுவது என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் படங்களைச் சரி செய். தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் ஓவியர்கள்தான். திரையில் உன் படங்கள் வரிசையாக ஓடும், ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள். அதில் நின்றால்தான் நீ எழுதியதைத் திறப்பார்கள். எட்டிலிருந்து பத்துப் படம் வரை கேட்பார்கள். உன்னால் உருவப்படம், நிலக்காட்சி, அரூபம் எல்லாம் வரைய முடியும் என்று காட்ட நினைக்காதே. ஒரே கையிலிருந்து வந்தவையாகத் தெரிய வேண்டும். கடந்த இரண்டு மூன்று வருட வேலை மட்டும் போதும், கல்லூரிப் பயிற்சிப் படங்கள் வேண்டாம். பலமானதை முதலில் வை, அடுத்த பலமானதைக் கடைசியில் வை.

படம் பிடிக்கும்போது சட்டம், கண்ணாடி, சுவர், உன் கால்விரல் எதுவும் தெரியக்கூடாது. வெளியே நிழலில், நேர் வெயில் படாமல், கேமராவைப் படத்தின் நடுவுக்கு நேராக வை. ஓரங்கள் சாய்ந்தால் வேலையே கோணலாகத் தெரியும். உன் படங்களில் சாயத்தின் தடிமன் முக்கியம் என்பதால் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று சேர். அளவை அங்குலத்தில் எழுது. ஆறடி ஓவியமும் அரையடி ஓவியமும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும், பார்ப்பவருக்கு வேறு வழியில்லை.

அறிக்கையில் "என் கலை மனித வாழ்வின் ஆழங்களைத் தேடுகிறது" போன்ற வரிகள் எதையும் விட்டு வைக்காதே. எதை வைத்து, எப்படி, ஏன் செய்கிறாய் என்று எழுது. பழைய துணியைப் பசையில் ஊறவைத்து அதன்மேல் வரைகிறாயே, அதை அப்படியே எழுது. அங்கே போய் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, அங்கே மட்டும் செய்யக்கூடியதைச் சொல். வீட்டில் செய்ய முடியாதது எது? பெரிய சுவரா, அச்சு இயந்திரமா, தொந்தரவில்லாத நேரமா? வெறும் நேரம் வேண்டும் என்பதும் நல்ல பதில்தான், எதற்கு என்று சொன்னால்.

பரிந்துரை கொடுப்பவர்களிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடு. பெரிய பெயரைத் தேடாதே. உன்னை வேலை செய்யும்போது பார்த்தவர் எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. சப்மிட்டபிள், ஸ்லைட்ரூம் போன்ற தளங்களில்தான் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியிருக்கும். அவர்கள் சொல்லும் கடைசி மணி பெரும்பாலும் அவர்கள் ஊர் நேரப்படி, அதைக் கவனி. கடைசி ராத்திரியில் உட்காராதே.

இல்லை என்று பதில் வந்தால் சும்மா இரு, விளக்கம் கேட்டு எழுதாதே. பெரும்பாலான இடங்களில் குழு மாறிக்கொண்டே இருக்கும். இந்த முறை தள்ளியதை அடுத்த முறை வேறு கண்கள் பார்க்கும். எனக்கும் இல்லை என்று வந்த கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அதற்கு அடுத்த கோப்பில் இந்த வருட ஜூலைக்கான அழைப்பும் இருக்கிறது, வெர்மான்ட் பக்கம் ஒரு சின்ன இடம்.

அப்பா, மறுபடி உங்களுக்கு. அங்கே எப்படிப் போவாய் என்று அம்மா கேட்பார். ரயில் கிடையாது. பஸ் ஒரு ஊர் வரைக்கும் போகும், அங்கிருந்து அவர்களே காரில் கூட்டிப் போகிறார்கள். பாம்புப் பயம் வேண்டாம், இங்கே உண்ணிதான் தொல்லை. புல்லில் நடந்தால் கடிக்கும், காய்ச்சல் வரும். நீளக் காலுறை போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகிக்கொண்டு, சாயங்காலம் உடம்பெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். காலுறை வாங்கிவிட்டேன். சாயமும் தாளும் முன்கூட்டியே பார்சலில் போகும். போன் சிக்னல் அவ்வளவாக இருக்காதாம், அதனால் ஜூலையில் தினமும் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் நடந்து வந்து பேசுகிறேன்.

சின்னவளின் படங்களை வெயில் சாய்ந்த பிறகு மாடியில் வைத்து எடுக்க நீங்கள் கொஞ்சம் கூட நில்லுங்கள். ஓவியத்தைச் சாயாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆகஸ்டுக்குள் எனக்கு அனுப்பினால் செப்டம்பர் 10-க்கு முன் பார்த்துச் சொல்ல நேரம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பெரியவள்