ஷீட்டைக் கட்டினால் போதாது, பைப்பையும் கட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டியில் முப்பது வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில் எல்லாம் செய்தாலும் அதிகம் செய்தது வீடுகளுக்கு ஷீட் கூரை போடுகிற வேலைதான். மழைக்காலம் வந்துவிட்டால் காற்றழுத்தத் தாழ்வு எங்கே நிற்கிறது, எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் விவரமாகப் போடுகிறீர்கள். அதைப் படிக்கிற ஷீட் வீட்டுக்காரர் தன் கூரையை என்ன செய்து வைக்க வேண்டும் என்பதையும் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 15 ராத்திரி, விடிந்தால் 16, கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் என் அக்கா வீட்டுக் கூரை போனது. அது நான் என் கையால் போட்ட கூரை. சொந்த அக்கா வீடு என்பதால் ஒரு போல்ட் கூடக் குறைக்காமல் போட்டேன். புயல் கரையேறுகிறவரை காற்று வடக்கிலிருந்து அடித்திருக்கிறது. கூரை தாங்கியது. நள்ளிரவுக்கு மேல் திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டதாம். புயலின் கண் மேலே வந்து நிற்கிறது என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? முடிந்துவிட்டது என்று நினைத்துத் தெற்கு வாசலைத் திறந்துகொண்டு மாட்டைப் பார்க்க வெளியே வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது பாருங்கள், கதவைச் சாத்த முடியவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த மாடி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பின்னால் ஒரே சத்தமாகக் கூரை கிளம்பிவிட்டது.

ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் மூன்றாம் நாள்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. கூரை பக்கத்து வயலில் கவிழ்ந்து கிடந்தது. குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தேன். ஷீட்டை அடியில் தாங்குகிற இரும்புப் பைப்போடு கொக்கி மாதிரி பிடிக்கிற ஜே போல்ட் ஒன்றுகூட விடவில்லை. ஷீட்டும் பைப்பும் பிரியாமல் ஒன்றாகவே பறந்திருக்கின்றன. சுவரின் தலையில் பைப் உட்கார்ந்திருந்த குழிகள் மட்டும் பல் பிடுங்கிய இடம் மாதிரி தெரிந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷீட்டைப் பைப்போடு கட்டினேனே தவிர, பைப்பைச் சுவரோடு கட்டவே இல்லை. குழி விட்டு, பைப்பை வைத்து, கலவை போட்டுப் பூசிவிட்டேன். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

காற்று கூரையை அமுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் புயல் காற்று கூரையைத் தூக்கத்தான் பார்க்கும். மேலே காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வாசல் வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து நெட்டித் தள்ளுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நாலு மடங்காகும். அரை அங்குலக் கலவைப் பூச்சு அதற்கு எம்மாத்திரம்? புயல் நேரத்தில் கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடும் என்று சொல்கிற பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் சாத்தி, உள்பக்கம் குறுக்குக் கட்டை கொடுங்கள். காற்று நின்றாலும் அறிவிப்பு வரும்வரை திறக்காதீர்கள்.

புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்களுக்கு வேலை சுலபம். சுவர்த் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டு, பைப் வருகிற இடத்தில் எல்லாம் 10 எம்.எம். கம்பியை அதில் பதித்து மேலே நீட்டி விடச் சொல்லுங்கள். பைப்பை வைத்து அந்தக் கம்பியை வளைத்து வெல்டு அடித்துவிடலாம். பழைய வீடென்றால் பைப்பின் மேல் இரும்புப் பட்டையை வளைத்து, சுவரின் இரண்டு பக்கமும் இரண்டடி கீழே இறக்கி, சுவரைத் துளைத்துப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. அக்கா வீட்டில் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். வீட்டு முன்னால் நிழலுக்காக நாலடி நீட்டி விடுகிறார்களே, அந்தச் சாய்ப்பைத் தனியாகப் போடுங்கள். ஒரே ஷீட்டாக நீட்டினால் காற்று அங்கே பிடித்து மொத்தக் கூரையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஓரத்து வரிசையிலும் மூலைகளிலும் போல்ட் நெருக்கமாக இருக்கட்டும், காற்று முதலில் கிளப்புவது அங்கேதான். சீமை ஓடு போட்ட வீடென்றால் ஓட்டின் அடியில் இருக்கிற துளையில் கட்டுக்கம்பி கொடுத்து, ஓரத்து வரிசைகளையாவது ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் கட்டையோடு கட்டிவிட வேண்டும். அந்தத் துளை எதற்கு என்றே பலருக்கும் தெரிவதில்லை.

எங்கள் பாட்டி வீடு கீற்றுக் கூரைதான். நாலு பக்கமும் சரிந்து இறங்கும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் தாத்தா கடற்கரையிலிருந்து பழைய வலை வாங்கி வந்து கூரை மேல் விரித்து, நாலு மூலையிலும் முளை அடித்துக் கட்டுவார். 1952 புயலைப் பார்த்தவர் அவர். கூரையைத் தரையோடு கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஷீட் வந்த பிறகு நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

கஜாவுக்குப் பிறகு எங்கள் பகுதியில் உதவியாக ஷீட் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஷீட் மட்டும்தான் வந்தது, போல்ட் வரவில்லை. கையில் காசில்லாத சனம் ஆணி அடித்து, மேலே செங்கல்லும் மணல் மூட்டையும் வைத்துக்கொண்டது. புயலில் அந்தச் செங்கல் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் போய் விழும். இனி ஷீட் கொடுப்பவர்கள் அதோடு போல்ட், வாஷர், இரும்புப் பட்டை, ஒரு நாள் கூலி இவ்வளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒன்றியத்துக்கு ஒரு நாள் எங்களைப் போன்ற வெல்டர்களையும் கொத்தனார்களையும் கூப்பிட்டு, ஒரு பொறியாளரை வைத்து இதைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். நான் கூலி கேட்காமல் வருகிறேன். நீங்களும் புரட்டாசியில் ஒரு அரைப் பக்கம் படத்தோடு போட்டால் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுவேன்.

இன்னொன்று. காற்று ஆரம்பித்த பிறகு கூரையில் ஏறாதீர்கள். மற்ற நாளில் ஏறினாலும் சிமெண்ட் ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள். பலகை போட்டு, அதுவும் போல்ட் இருக்கிற வரிசை மேல்தான் நிற்க வேண்டும்.

போன வாரம் அப்படித்தான் அக்கா வீட்டில் ஏறினேன். கடல் பக்கத்து வரிசையில் ஏழு நட்டு ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சுற்றியது. உப்புக் காற்றில் வாஷரும் பொடிந்திருந்தது. ஏழையும் மாற்றிவிட்டுத்தான் இறங்கினேன். அக்கா கீழே நின்று எண்ணிக்கொண்டே இருந்தது.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைத் தொழிலாளி,
திருத்துறைப்பூண்டி.