பாபநாசம் அருவிப் படம் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஃபிரேம் மாற்ற வந்த பழைய வாட்டர்கலர் படத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அச்சுப் படத்தைக் கொடுத்துவிட்டோம் என்று இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். தாத்தா காலத்துப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எங்களை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். அந்த நம்பிக்கையிலேயே கைவைக்கும் பேச்சு இது. மனசு ஆறவில்லை.

படத்தில் இருப்பது பாபநாசம் அருவி. வரைந்தவர்கள் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். 1792இல் மதராஸிலிருந்து தெற்கே கிளம்பி, வழியெல்லாம் வரைந்துகொண்டே போனவர்கள். ஊர் திரும்பியபின், இந்தியாவில் வரைந்தவற்றைச் செம்புத் தகட்டில் ஏற்றி, 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்களாக வெளியிட்டார்கள். அக்வாடின்ட் என்று பெயர். கோடும் நிழலும் அச்சு. மேலே வண்ணம் மட்டும் கையால் தீட்டியது, அதுவும் வாட்டர்கலரில். குழப்பமெல்லாம் இங்கேதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தூரிகைத் தடம்தான் தெரியும். நாங்களே ரசீதில் ‘வாட்டர்கலர்’ என்றுதான் எழுதியிருந்தோம்.

படத்தைச் சுற்றியிருந்த பழைய மவுண்ட் அட்டையை எடுத்த பிறகுதான், நான்கு பக்கமும் அச்சடிக்கும்போது தகடு அழுந்திய பள்ளம் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பாறை நிழலில் வண்ணத்துக்கு அடியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். தகட்டில் பிசின் பொடி தூவி அமிலத்தில் அரிப்பதால் வருபவை அவை, தூரிகையில் வராது. படம் கடைக்கு வந்த அன்றே நாங்கள் எடுத்த போட்டோவும் இருக்கிறது. வானத்தின் இடது மூலையில் அன்று இருந்த பழுப்புப் புள்ளி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வந்ததே இந்த அச்சுப் படம்தான், வேறு படம் எப்படி ஆகும்? பழைய பின் அட்டையை மட்டும் எடுத்து வைக்காமல் போட்டுவிட்டோம், அது எங்கள் தவறு.

அச்சு என்றதும் காலண்டர் படம் போல நினைத்துவிட வேண்டாம். இருநூறு வருடத்துப் பொருள் அது. படத்துக்குச் சொந்தக்காரர் எங்களுக்கும் பழைய வாடிக்கையாளர்தான். எப்போது வந்தாலும் அவருடன் உட்கார்ந்து லென்ஸில் காட்டத் தயாராக இருக்கிறோம்.

செய்தியைப் பார்த்ததும் ஃபோன் செய்து “நீங்க கவலைப்படாதீங்க” என்றவர்களுக்கும், அதே வாரத்தில் கல்யாணப் படங்களை ஃபிரேம் போடக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த வாரம் கடையைத் திறக்கத் தெம்பு கொடுத்தது நீங்கள்தான்.

இனி பழைய படம் எதுவானாலும் உங்கள் கண்முன்தான் பிரிப்போம். பின் அட்டையைக் கையோடு உறையில் போட்டுத் தருவோம். அதற்கு அரைமணி நேரம் ஆகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த மாதம் முதல் மவுண்ட், கண்ணாடி விலை சற்றுக் கூடுகிறது. இப்போது கையில் இருக்கும் ஆர்டர்களுக்குப் பழைய விலைதான்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்