பழைய வைக்கோல் தொப்பிகளுக்கு வார்னிஷ் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தட்டையான உச்சியும் தட்டையான விளிம்பும் கொண்ட, போட்டர் எனப்படும் பழைய வைக்கோல் தொப்பிகள் அண்மைக்காலமாக வன்னிப் பக்கமும் வந்து சேர்கின்றன. புலம்பெயர்ந்த உறவினர் விடுமுறையில் வரும்போது சிலவற்றைக் கொண்டுவருகிறார்கள்; கொழும்பில் படித்த பெரியவர்களின் பெட்டிகளிலிருந்தும் ஒன்றிரண்டு வெளிவருகின்றன. நான் பனையோலையில் பெட்டி, கடகம் பின்னும் பன்னவேலை செய்பவன் என்பதால் அவற்றுட் சில திருத்துவதற்காக என்னிடம் வருகின்றன. அவற்றைக் காலம் கெடுத்ததிலும் பார்க்க, முன்பு யாரோ செய்த திருத்தம் கூடுதலாகக் கெடுத்திருப்பதைக் காண்பதால் இதை எழுதுகிறேன்.

இத்தொப்பி நெய்யப்படுவதில்லை. கோதுமை வைக்கோலை ஒடுங்கிய பட்டியாகப் பின்னி, அந்தப் பட்டியை உச்சியின் நடுவில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியுமாறு தைத்து, ஜெலற்றின் அல்லது ஷெல்லாக் அரக்கு ஊட்டி, அச்சில் வைத்து அழுத்தி விறைப்பாக்குவார்கள். இங்கிலாந்தில் லூட்டன் நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தைக்கப்பட்ட பின்னற்பட்டியில் பெருமளவு சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போனது என்பதை, ‘அசல் இங்கிலீஷ் தொப்பி’ என்று பெருமை பேசுவோர் அறிந்துவைத்திருப்பது நல்லது. ஜெலற்றின் தண்ணீரில் இளகும். ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரையும். எனவே அழுக்குப் போக வேண்டுமென்று தொப்பியை வாளித் தண்ணீரில் ஊறவைப்பவரும், ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைப்பவரும் அதன் விறைப்பையே கழுவிவிடுகிறார்கள். மென்மையான தூரிகையால் பின்னலின் போக்கிலேயே தூசு தட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பதற்கு அப்பால் வீட்டில் எதுவும் செய்யத் தேவையில்லை.

அளவைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். தலையைச் சுற்றி, காதுக்குச் சற்று மேலாகவும் நெற்றியின் நடுவாகவும் நாடாவைப் பிடித்து அளக்க வேண்டும். தொப்பிக்குள் இருக்கும் இலக்கத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. லண்டனில் வாங்கிய 7ஆம் இலக்கம் ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர் தலைக்கு உரியது. அமெரிக்கத் தொப்பியில் அதே 7 என்பது 56 சென்ரிமீற்றர். துணித் தொப்பியில் இந்த ஒரு சென்ரிமீற்றர் தெரியாது. போட்டர் தலைக்கு ஏற்ப வளைந்துகொடுக்காத தொப்பியாகையால் அங்கே அது நெற்றியில் தழும்பாகப் பதியும். அத்துடன் எவர் தலையும் முழு வட்டமல்ல. நீண்ட தலையுடையவருக்கு முன்னும் பின்னும் இறுக்கும். பொறிப்பக்கங்களில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். அப்படியானால் தொப்பியை இழுத்துப் பெருப்பிக்காமல், உள்ளே இருக்கும் தோற்பட்டிக்குப் பின்னால், இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய கம்பளித்துணிக் கீற்று ஒன்றைச் செருகினாற் போதும். உலர்ந்துபோன பழைய தோற்பட்டியை வேகமாக மடக்கினால் அது தையலோடு கிழிந்து கையில் வந்துவிடும். மெதுவாகவே விலக்க வேண்டும். தொப்பி உண்மையிலேயே சிறிதென்றால் அதைச் சிறிய தலை உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுவதே என் ஆலோசனை.

முள்ளியவளையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த தொப்பியின் நிலை இது. உச்சியின் முன்விளிம்பில் விரலளவு வெடிப்பு. அந்த இடத்தை இரு விரல்களால் கிள்ளிப் பிடித்துக் கழற்றும் பழக்கத்தால் வருவது. அதை நகரத்துக் கடை ஒன்றில் உடனடிப் பசையால் ஒட்டி, மேலே மரவேலை வார்னிஷும் பூசிக் கொடுத்திருந்தார்கள். பசை கண்ணாடிபோல் இறுகி, வெடிப்பின் இரு கரைகளிலும் புதிய வெடிப்புகள் ஓடியிருந்தன. வார்னிஷோ வைக்கோலின் பொன்னிறத்தைக் கறுத்த தேன் நிறமாக்கியிருந்தது. வைக்கோலுக்குச் சேதமில்லாமல் அதை எடுக்க வழியில்லை. முதலிலேயே உட்புறத்தில் மெல்லிய மல் துணித் துண்டொன்றைக் கெட்டியான மாப்பசையால் ஒட்டி, உலரும்வரை கரைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தால் வெடிப்பு வெளியே தெரிந்திராது. பிறகு வேண்டுமானால் அதைக் கழற்றியும் இருக்கலாம்.

பின்னற்பட்டி பிரிந்திருந்தால், தொங்கும் நூலை இழுத்து அறுக்கவே கூடாது. இயந்திரத்தில் தைத்த தொப்பிகளிற் பல ஒற்றை நூல் சங்கிலித் தையல் கொண்டவை. தவறான முனையை இழுத்தால் ஒரு சுற்று முழுவதும் கழன்றுவிடும். பருத்தி நூலால், பழைய துளைகளின் வழியாகவே கையால் தைக்க வேண்டும். பக்கத்தில் புதுத் துளை போட்டால் வைக்கோல் அந்த வரிசையிலேயே முறியும். கடகத்தின் வாய்க்கு நார் பொத்திப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையல்ல.

வைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். மாரியில் ஈரத்தால் விளிம்பு தொய்யும். ஆணியில் மாட்டிய தொப்பி அந்தப் பக்கமாகவே கோணும். வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழுள்ள இரும்புப் பெட்டி ஷெல்லாக்கை இளக்கி ஒட்டச் செய்துவிடும். காற்றோட்டமான அலுமாரியில், உச்சி கீழிருக்க வைப்பதே நல்லது. சோளகக் காற்றில் அணிந்து திரிய விரும்புபவர்கள், அந்தக் காலத்தவர்போல விளிம்பிலிருந்து சட்டையின் பொத்தான் துளைக்கு ஒரு மெல்லிய கயிறு பூட்டிக்கொள்ளலாம்.

இத்தொப்பி ஒரு கோடைக்கென்று வாங்கி எறியும் பொருளாகவே பலரிடம் இருந்தது. நியூயோர்க்கில் செப்டெம்பர் 15க்குப் பின் வைக்கோல் தொப்பி அணிவது கேலிக்குரியதாக இருந்ததும், 1922இல் அந்தத் திகதிக்கு முன்பே தொப்பிகளைப் பறித்து உடைக்கப் போய்க் கலவரமே மூண்டதும் பதிவான செய்திகள். மிஞ்சியவை சிலவே. போரில் பெட்டி படுக்கையோடு யாவும் இழந்த நம் ஊர்களில் இப்படியொரு பொருள் ஒரு வீட்டுக்கு வந்து சேர்வது அதிலும் அரிது.

ஆகவே வன்னியில் பனையோலைப் பன்னவேலைப் பயிற்சி நடத்துபவர்கள், புதுப் பொருள் செய்யக் கற்பிப்பதோடு பின்னல் தொப்பிகளைத் திருத்தவும் சில வகுப்புகளை ஒதுக்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தொப்பி வைத்திருப்போரிடமும் ஒரு வேண்டுகோள்: திருத்தக் கொடுக்கும்போது வெளி நாடாவையும், பெயர் அச்சிட்ட உட்பட்டியையும் ‘பழசு’ என்று மாற்றச் சொல்லாதீர்கள். அது எந்தப் பாடசாலையின் அல்லது கழகத்தின் தொப்பி, யார் செய்தது என்பதை அறிய அவ்விரண்டையுமே நாங்கள் முதலில் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பன்னவேலைத் தொழிலாளி ஒருவர்,
பரந்தன்.